எல்லாப் பிள்ளைகளின் எடையும் கூடிய மாதம்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி பதுளை அலுவலகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். படிவம் நிரப்புவதையும் அறிக்கை அனுப்புவதையும் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருபத்தாறு வருடம் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தராக ஏறி இறங்கியவள் என்ற முறையில், நான் தவறிய ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். நல்லபடியாக நடந்தவற்றை வேறு யாராவது சொல்லுவார்கள்.

ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருடத்துக்கு முன்பு நடந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம், பிறகு ஓட்டோவில் இருபது நிமிடம். அங்கே ஒரு பிள்ளைக்காம்பரா. உங்களில் சிலர் டவுனிலிருந்து வந்தவர்கள், அதனால் சொல்கிறேன்: தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது, பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பார்த்துக்கொள்பவர் ஆயம்மா. அந்த ஆயம்மாவின் பெயர் மகேஸ்வரி. ஐம்பதை நெருங்கியவர், குரல் பெரிது, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாட்டுப் பாடினால் தூக்கம் வரும் என்பது வரை தெரிந்தவர்.

அந்த வருடம் தோட்டத்தோடு பேசிப் பேசி, பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாட்டில் பாசிப்பயறும் வாரத்தில் மூன்று நாள் முட்டையும் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தேன். அதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆகவே அது பலித்திருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஆசையாகவும் அவசரமாகவும் இருந்தது.

எடை போடும் நாளில் பழைய தொங்கு தராசின் கொக்கி உடைந்துபோனதாக ஆயம்மா சொன்னார். களஞ்சியத்திலிருந்து வேறொன்றை எடுத்து வந்து உத்தரத்தில் மாட்டினோம். முள் சரியாகப் பூச்சியத்தில் நின்றது. ஒவ்வொரு பிள்ளையாகத் துணி ஊஞ்சலில் உட்காரவைத்து நிறுத்தோம். முதல் பிள்ளை ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும். பிள்ளைகளின் வளர்ச்சி அட்டைகளில் நான் போட்ட கோடுகள் எல்லாம் மேலே மேலே ஏறின. பயறும் முட்டையும் வேலை செய்கின்றன என்று எனக்குள் ஒரு பூரிப்பு. ஒரே மாதத்தில் இவ்வளவு ஏறுமா என்ற கேள்வி அப்போது வந்திருக்க வேண்டும். வரவில்லை. நமக்குப் பிடித்த பதில் கைக்கு வந்துவிட்டால் கேள்வி ஒதுங்கிக்கொள்கிறது.

ஒரே ஒரு பிள்ளையின் எடை மட்டும் கூடவில்லை. தர்ஷிகா, மூன்றரை வயது. போன மாதம் பன்னிரண்டு கிலோ, இந்த மாதமும் பன்னிரண்டு. குறையவில்லைதானே என்று கோட்டை நேராக இழுத்துவிட்டு அட்டையை மூடினேன்.

அவளுடைய அம்மா செல்வராணி அன்று அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். அதிகம் பேசாத பெண். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். மற்றத் தாய்மார் போனபிறகும் செல்வராணி வாசலிலேயே நின்றாள்.

"மிஸ், புள்ள கனம் கொறஞ்சிருக்கு."

"இல்லம்மா. பாருங்க, போன மாசமும் பன்னெண்டு, இந்த மாசமும் பன்னெண்டு."

"தூக்குறப்ப தெரியுது மிஸ். தெனம் கொழுந்துக் கூட சொமக்குறவ நான். ஒரு கிலோ கூடுனாலும் கொறஞ்சாலும் எனக்கு முதுகுல தெரியும்."

நான் சிரித்தேன். இன்று நினைத்தால் அந்தச் சிரிப்புதான் முதலில் ஞாபகம் வருகிறது. "உங்க முதுகவிடத் தராசு சரியாச் சொல்லும்மா. வீட்டுலயும் முட்ட குடுங்க, அடுத்த மாசம் ஏறிரும்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த வாரமே பதுளையில் நடந்த கூட்டத்தில் என் கோடுகளைக் காட்டினேன். பாராட்டினார்கள். மற்றத் தோட்டங்களிலும் இதைச் செய்யலாம் என்று பேச்சு வந்தது.

பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் மழை விடாமல் பெய்தது. மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள், அந்த வரிசை வீடுகள், மண்ணுக்குள் போன நாளிலிருந்து, மழை இரண்டு நாள் நின்று பெய்தால் பிள்ளைக்காம்பராக்களின் பின்பக்கத்து மண் மேட்டைப் போய்ப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருந்தேன். அப்படித்தான் ஒவ்வொரு தோட்டமாகப் பார்த்துக்கொண்டு அன்று அங்கே போனேன். மழை விட்டிருந்தது. மண் மேட்டில் வெடிப்பு இல்லை, தண்ணீர்க் கான் அடைபடாமல் ஓடியது. திரும்பி வரும்போது கொடியைப் பார்த்தேன். பிள்ளைகள் மத்தியானம் படுக்கும் துணிகளில் ஏழெட்டு அங்கே காய்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றில் மட்டும் எறும்பு. நடுவில் வட்டமாக, மொய்த்துக்கொண்டு.

எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. சாப்பாடு சிந்தியிருக்கும் என்று நினைத்துப் பக்கத்துத் துணியைப் பார்த்தேன். அதில் கஞ்சிக் கறையே இருந்தது, ஆனால் ஓர் எறும்புகூட இல்லை. அப்படியானால் இதில் மட்டும் என்ன? துணியைத் தொட்டுப் பார்த்தேன். அலசாமல் அப்படியே காயப்போட்டிருந்தார்கள். மூத்திர வாடை.

உள்ளே போய் ஆயம்மாவைக் கேட்டேன். "வெளிய எறும்பு மொய்க்கிற துணி யாரோடது?"

"தர்ஷியோடது மிஸ். மழைக்குத் தொவச்சுப் போட முடியல, அப்பிடியே காயப் போட்டேன். ஒரு பத்து நாளாப் படுத்த எடத்துலயே போயிருது. முந்தியெல்லாம் எழும்பி வந்து கூப்பிடும்."

என் அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. அது முற்றிய காலத்தில் எங்கள் வீட்டுக் கழிவறைத் தரையில் எறும்பு வரிசை போட்டது நினைவுக்கு வந்தது. ஆனால் அது பெரியவர்களுக்கு வருவது, மூன்றரை வயதில் எங்கே என்று உடனேயே என்னை நானே மறுத்தேன். மறுத்தபிறகும் எறும்பு கண்ணைவிட்டுப் போகவில்லை. கேட்டுப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்?

"தண்ணி நெறையக் குடிக்கிறாளா ஆயம்மா?"

"அத ஏன் கேக்குறீங்க. டம்ளர் டம்ளராக் கேக்கும். அதுனாலதானே நனைக்குதுன்னு முந்தாநேத்துல இருந்து நான்தான் தண்ணியக் கொறச்சுக் குடுக்குறேன்."

சீனி வருத்தமாக இருந்தால் தண்ணீரைக் குறைப்பது பெரிய ஆபத்து. கத்த வேண்டும் போல வாய்வரை வந்தது. ஏன் கத்தவில்லை என்று எனக்கே சரியாகத் தெரியாது. அவர் முகம் அப்போது என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. அந்த நிலையிலேயே அவர் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். "சரி. வேற என்ன ஆயம்மா?" என்றேன்.

"காலையில ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துச்சு. பூச்சியா இருக்கும்னு நெனச்சேன். இப்ப தூங்குது. இன்னைக்கு ரொம்பத் தூக்கம்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. நான் கத்தியிருந்தால் அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். "ஒண்ணுமில்ல மிஸ்" என்று மூடியிருப்பார்.

தர்ஷிகா மூலையில் பாயில் கிடந்தாள். மூச்சு ஆழமாக, ஓடி வந்த பிள்ளையின் மூச்சு மாதிரி வாங்கியது. ஆனால் அவள் அசையாமல் படுத்திருந்தாள். பக்கத்தில் குனிந்தேன். வாயிலிருந்து கனிந்து அழுகப்போகும் பழத்தின் வாசம். பெயரைச் சொல்லிக் கன்னத்தைத் தட்டினேன். கண் திறந்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப மூடிக்கொண்டாள். எடை போட்ட அன்று ஊஞ்சலில் உட்கார மாட்டேன் என்று என் கையைத் தள்ளிய பிள்ளை அது.

டொக்டரய்யா என்று எல்லோரும் கூப்பிடும் தோட்டத்து மருந்துக்காரர் அன்று வேறு டிவிசனில் இருந்தார், வர இரண்டு மணித்தியாலமாவது ஆகும். லொறி தொழிற்சாலையில் நின்றது. அதை எடுக்கத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆயம்மா, "டொக்டரய்யா வரட்டுமே மிஸ், அம்மா இல்லாம எப்பிடிக் கொண்டு போறது" என்றார். அவர் சொன்னதும் நியாயம். ஒரு தாய்க்குத் தெரியாமல் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு உரிமை இல்லை. ஆனால் காத்திருக்கவும் தைரியம் இல்லை. ஓட்டோவுக்குப் போன் போட்டுவிட்டு, செல்வராணி வேலை செய்யும் மலையின் கங்காணிக்கும் அடித்தேன்.

"செல்வராணியக் கூடையப் போட்டுட்டு நேரா ரோட்டுக்கு எறங்கச் சொல்லுங்க. ஓட்டோ அங்க வந்து ஏத்திக்கும். இங்க வர வேணாம், நேரம் போயிரும்."

"என்னாச்சு மிஸ்?"

"புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்னு மட்டும் சொல்லுங்க."

ரோட்டு வளைவில் அவள் நின்றிருந்தாள். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியபடியே, காலெல்லாம் சேறு. ஏறி உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கினாள். அழவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு கேட்டாள்.

"கொறஞ்சிருக்குதானே மிஸ்?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். ஓட்டோவுக்கு ஜன்னல் ஏது. வெளியே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

பதுளைக்குப் போவதா, பக்கத்து டவுனிலுள்ள சின்ன ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று ஓட்டோக்காரர் கேட்டார். பதுளையில் எல்லா வசதியும் உண்டு. ஆனால் வழியில் இரண்டு இடத்தில் மண் இறங்கியிருந்தது, எத்தனை மணித்தியாலம் ஆகுமோ. சின்ன ஆஸ்பத்திரியில் விரலில் குத்திச் சீனி பார்க்கும் கருவியும் சேலைனும் அம்புலன்ஸும் இருக்கும். "கிட்ட உள்ளதுக்கே போங்க" என்றேன். அது சரியான முடிவுதான் என்று பிற்பாடு சொன்னார்கள். அப்போது எனக்கு அப்படி ஒரு நிச்சயமும் இல்லை.

அங்கே கடமையில் இருந்தவர் இளம் டொக்டர், சிங்களத்தில் மட்டும் பேசுபவர். வழியெல்லாம் நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதால் நான்கு வாக்கியத்தில் முடித்தேன்: பத்து நாளாகத் தண்ணீர் கேட்கிறாள், படுக்கையில் மூத்திரம் போகிறாள், துணியில் எறும்பு, இன்று வாந்தியும் மயக்கமும். எறும்பு என்றதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். தாதி விரலில் குத்தினார். கருவி எண்ணைக் காட்டவில்லை. அதன் அளவையும் தாண்டிவிட்டது என்பதற்கான எழுத்து மட்டும் வந்தது. அதன்பிறகு அந்த அறையில் எல்லோரும் வேகமாக நடந்தார்கள்.

நரம்பு கிடைக்கச் சிரமமாக இருந்தது. ஒருவர் கையைப் பிடித்திருக்க, ஒருவர் காலில் தேடினார். டொக்டர் திரும்பாமலே என்னைக் கேட்டார், "பிள்ளையின் எடை என்ன?"

அட்டை என் கையிலேயே இருந்தது. நானே எழுதிய எண். "பன்னிரண்டு கிலோ, இந்த மாதம் நிறுத்தது" என்றேன். அவர் அதைக் கையுறையில் குறித்துக்கொண்டார். மருந்தும் சேலைனும் எவ்வளவு கொடுப்பது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

செல்வராணிக்குச் சிங்களம் அவ்வளவு வராது. ஆனால் எண் விளங்கியிருக்கிறது. என் பக்கம் திரும்பி, மெதுவாக, "பன்னெண்டு இல்ல மிஸ்" என்றாள்.

அந்த நிமிடத்தில்தான் எனக்கு எடை போட்ட அந்த நாள் முழுக்கவும் கண்முன் வந்தது. முதல் பிள்ளை ஒரு கிலோவுக்கு மேல். அடுத்தது அப்படியே. மூன்றாவதும். எந்தப் பிள்ளைக்கும் தப்பாமல், முட்டை சாப்பிடவே மாட்டேன் என்று துப்பும் பிள்ளைக்கும்கூட. எல்லோரும் ஒரே அளவில் ஏறினால் ஏறியது பிள்ளைகளா, தராசா? எல்லோரையும் ஏற்றிக் காட்டிய தராசில் ஒரு பிள்ளை மட்டும் ஏறாமல் நின்றிருந்தால், அந்தப் பிள்ளை உண்மையில் இறங்கியிருக்கிறது.

"டொக்டர்," என்றேன், "நான் சொன்ன எண்ணை எடுக்க வேண்டாம். எங்கள் தராசு பிழை. தயவுசெய்து இங்கே நிறுங்கள்."

அவர் எரிச்சலோடு பார்த்தார். அவருக்கு நேரமில்லை. இப்போதுதானே பன்னிரண்டு என்றாய் என்று கேட்டார். "அம்மா குறைந்திருக்கிறது என்கிறார். அவர் சொல்வதுதான் சரி" என்றேன். ஆஸ்பத்திரித் தராசில் செல்வராணியைப் பிள்ளையோடு ஏற்றி, பிறகு தனியாக ஏற்றி நிறுத்தார்கள். பத்தரைக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. டொக்டர் கையுறையில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எண்ணைப் போட்டார்.

அன்று மாலை அம்புலன்ஸில் பதுளைக்குக் கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் தர்ஷிகா எழுந்து உட்கார்ந்து, தனக்குக் கொடுத்த கஞ்சி சரியில்லை என்று தாதியிடம் முறைப்பாடு செய்ததாகக் கேள்விப்பட்டேன்.

நான் நான்காம் நாள் தோட்டத்துக்குப் போனேன். கடையில் ஐந்து கிலோ கோதுமை மா மூட்டை இரண்டு வாங்கி, அந்தத் தராசில் தொங்கவிட்டேன். ஒரு மூட்டைக்கு ஐந்தரை காட்டியது. இரண்டுக்கும் பதினொன்று. கழற்றினால் முள் மறுபடியும் பூச்சியத்தில் போய் நின்றது. சுருள் எப்போதோ தளர்ந்திருக்கிறது. சும்மா தொங்கும்போது யாரும் அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. ஆயம்மாவும் நானும் மூட்டையை மாட்டி மாட்டிக் கழற்றிப் பார்த்தோம். பிறகு வேறு தராசு வரவழைத்து எல்லாப் பிள்ளைகளையும் திரும்ப நிறுத்தோம். என் அழகான கோடுகள் எல்லாம் இறங்கின. இரண்டு பிள்ளைகள் கவனிக்க வேண்டிய அளவுக்கு எடை குறைந்து இருந்தார்கள். பொய்க் கோட்டுக்குள் ஒளிந்திருந்தவர்கள்.

எனக்கு மேலே இருந்த அதிகாரி கண்டிப்பான மனுஷி. அவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் காட்டிய கோடுகளை என்ன செய்வது என்று கேட்டேன். "பிழையென்று எழுதி எல்லாத் தோட்டத்துக்கும் அனுப்புங்கள். உங்கள் பெயரைப் போட்டே அனுப்புங்கள். தராசு பிழைத்தது என்று மட்டும் எழுதினால் யாரும் தங்கள் தராசைப் போய்ப் பார்க்க மாட்டார்கள்" என்றார். எழுதுவதற்கு இரண்டு நாள் எடுத்தது. அனுப்பியபிறகு வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் இரண்டு தோட்டங்களிலிருந்து மா மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்ததாகப் போன் வந்தது.

பிள்ளை வீடு வந்ததும் லயத்துக்குப் போனேன். செல்வராணி நான் உட்கார வாங்கை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி தந்தாள். நான் ஆரம்பிக்கும் முன்பே அவள் சொன்னாள்.

"நான் சத்தமாச் சொல்லியிருக்கணும் மிஸ். நம்ம சொல்லி யாரு கேக்கப் போறாங்கன்னு மெல்லச் சொல்லிட்டுப் போயிட்டேன்."

"இல்ல செல்வராணி. நீங்க சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நான்தான் உங்ககிட்டத் திருப்பி ஒண்ணுமே கேக்கல. எப்பயிருந்து, எப்பிடித் தெரியும், வேற என்ன மாற்றம்னு ஒரு கேள்விகூடக் கேக்கல. அன்னைக்கே கேட்டிருந்தாத் தண்ணி குடிக்கிறதச் சொல்லியிருப்பீங்க."

அவள் யோசித்தாள். "சொல்லியிருப்பேன்" என்றாள். ஆறுதலுக்காக மறுத்துச் சொல்லவில்லை. அவளை எனக்கு அன்றுதான் மிகவும் பிடித்துப்போனது.

இளையவர்களே, தாயின் சொல்லும் தராசின் சொல்லும் ஒத்துப்போகாதபோது யார் சரி என்று உடனே தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஆச்சரியப்படுங்கள். அந்த ஆச்சரியத்தில் அரை நாள் வீணாகப் போனாலும் போகட்டும்.

பிரச்சினை அத்தோடு முடியவில்லை. இனித் தர்ஷிகாவுக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் இன்சுலின் ஊசி. காலையும் இரவும் அம்மா போட்டுவிடுவாள். மத்தியானம்? செல்வராணி மலையில் இருப்பாள். வேலையை விட்டால் வீடு நடக்காது. புருஷன் கொழும்பு வேலையை விட்டு வருவதாகச் சொன்னார். வந்து இங்கே என்ன வேலை? நான் பதுளையில் பேசிப் பார்த்தேன், தோட்டத்தில் பேசிப் பார்த்தேன். கடைசியில் மகேஸ்வரி ஆயம்மாதான் ஒரு நாள் தானாகவே சொன்னார்.

"ஊசி போட எனக்குச் சொல்லிக் குடுங்க மிஸ். தண்ணியக் கொறச்சது நான்தானே."

"அதுக்காகச் செய்ய வேணாம் ஆயம்மா."

"அதுக்காகவும்தான். என்கிட்ட இருக்குற புள்ளதானே, வேற யாரு செய்யிறது."

ஊசியைக் கண்டாலே தள்ளி நிற்பவர் அவர். பதுளை ஆஸ்பத்திரியில் நான்கு நாள் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். தோடம்பழத்தில் குத்திப் பழகினார். சீனி இறங்கினால் பிள்ளைக்கு வியர்க்கும், கை உதறும், அப்போது உடனே இனிப்பு கொடுக்க வேண்டும் என்பதைத் தன் பேத்தியிடம் சொல்லிப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

செல்வராணி மறுபடி காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போன திங்கட்கிழமை நானும் அங்கே இருந்தேன். பதினொன்றரைக்கு ஆயம்மா கை கழுவி, மருந்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து இரண்டு முறை அளவு சரிபார்த்து, என்னையும் பார்க்கச் சொல்லி, பிள்ளையின் தொடையில் போட்டார். தர்ஷிகா முகத்தைச் சுளித்துவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே யாரோ நிற்பது தெரிந்தது. செல்வராணி. மலையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள், நெஞ்சு ஏறி இறங்கியது. ஆயம்மா ஊசியை டப்பாவில் போட்டு மூடுவதையும், பிள்ளை பயற்றைப் பிசைந்து தின்பதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கூப்பிடப் போனேன். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை பார்ப்பதற்குள் திரும்பி மலைப் பக்கம் நடந்தாள். இந்தத் தடவை ஓடவில்லை.